301-ஆம் வீட்டுக்காரி: ஒரு ஜூலை நாட்குறிப்பு

6 ஜூலை 2025, ஞாயிறு

'அட்ரஸ் அன்நோன்' மறுபடி பார்த்தேன். 2001-ல் வந்த கிம் கி டுக் படம். நம்மில் கொரிய சினிமாவுக்குள் போனவர்களில் பாதிப் பேர் கிம் கி டுக் வழியாகத்தான் போயிருப்போம். நானும் அப்படித்தான், யாரோ காப்பி போட்டுக் கொடுத்த டிவிடியில். அப்போதெல்லாம் இயக்குநர் பெயரைத் தவிர வேறு பெயர் மனதில் நிற்காது. (அவர் மேல் 2018-ல் நடிகைகள் சொன்ன புகார்களைக் கேட்ட பிறகு அந்தப் பக்தி இறங்கிவிட்டது. அது வேறு கதை.)

இந்தத் தடவை அந்த அம்மாவை விட்டுக் கண் நகரவில்லை. 1970, அமெரிக்க ராணுவ முகாமை ஒட்டிய கிராமம். பழைய சிவப்பு பஸ் ஒன்றுதான் வீடு. கறுப்பினச் சிப்பாய் ஒருவனுக்குப் பெற்ற மகனோடு அதில் குடியிருக்கிறாள். அமெரிக்காவுக்குக் கடிதம் போடுகிறாள், திரும்பி வருகிறது. மறுபடி போடுகிறாள். ஊர்க்காரர்களிடம் ஆங்கிலம் பேசி வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். வேறு யாராவது என்றால் அழுது தீர்த்திருப்பார்கள். இவர் அதை வீம்பாகச் செய்கிறார். உறைந்த வயலிலிருந்து மகனின் உடலைத் தோண்டி எடுக்கும் இடத்தில்கூட நம் இரக்கத்தைக் கேட்டு நிற்கவில்லை, வேலையைச் செய்கிறார்.

நடித்தவர் பாங் உன்-ஜின். 'பிரின்சஸ் அரோரா'வை இயக்கியவரும் இவரே. இரண்டையும் எப்போதோ பார்த்தவன்தான் நான், ஒரே ஆள் என்று முடிச்சுப் போட்டதில்லை. கிடைக்கிற படங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

9 ஜூலை, புதன்

பாங் உன்-ஜின் படித்தது உடை வடிவமைப்பு, தென்கொரியத் தலைநகர் சோலில் உள்ள குக்மின் பல்கலைக்கழகத்தில். மேடையேறியது 1989-ல்.

கொரியாவில் நாடகம் என்றால் தேஹாங்னோ. பெயரின் பொருள் பல்கலைக்கழகச் சாலை, ஆனால் 1975-ல் சோல் தேசியப் பல்கலைக்கழகம் அங்கிருந்து ஊர்க்கோடிக்குப் போய்விட்டது. காலியான பேட்டைக்கு நாடகக்காரர்கள் வந்தார்கள். பாதி அரங்குகள் தரைக்குக் கீழே, நூறு, இருநூறு பேர் நெருக்கியடித்து உட்காரும் அளவு. முதல் வரிசையில் இருப்பவன் காலை நீட்டினால் நடிகர் தடுக்கி விழுவார். இன்றைக்கு நாம் கொண்டாடும் கொரிய முகங்களில் நிறையப் பேர் அங்கே பயின்றவர்கள்தான். அப்படிப்பட்ட இடத்தில் பொய்யாக நடித்தால் உடனே தெரிந்துவிடும். எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்க்கும் மொட்டைமாடிக் கொட்டகையில் எனக்கே அது தெரிந்திருக்கிறது.

முதல் படம் 1994-ல், இம் குவோன்-தேக்கின் 'தேபெக் மலைகள்'. பெரிய நாவல், பெரிய இயக்குநர், கூட்டமான நடிகர் பட்டாளம். அதில் அவர் ஒருவர். அடுத்த வருடம்தான் விஷயம்.

13 ஜூலை, ஞாயிறு

'301, 302'. 1995. இயக்கம் பார்க் சுல்-சூ.

எதிரெதிர் ஃபிளாட்டில் இரண்டு பெண்கள். 301-ல் இருப்பவள் சமைத்துக்கொண்டே இருப்பாள். 302-ல் இருப்பவள் எழுத்தாளர், எதைத் தின்றாலும் குமட்டும். 301 தினம் ஒரு தட்டோடு வந்து நிற்க, 302 அதை ரகசியமாகக் குப்பையில் கொட்ட, ஒருநாள் அது தெரியவர, பிறகு நடப்பதை இங்கே சொன்னால் இனி பார்ப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். பாங் உன்-ஜின் 301. ஹ்வாங் ஷின்-ஹே 302.

சமையலறை முழுக்க எஃகும் வெளிச்சமும். கத்தி பலகையில் விழும் சத்தத்தை மட்டும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பது மாதிரி பதிவு செய்திருக்கிறார்கள். பாங்கின் கையைக் கவனித்தேன். நறுக்கும்போது கை வேகமாக ஓடுகிறது, முகம் சாந்தமாக இருக்கிறது. கணவன் சாப்பிடாமல் எழுந்து போகும் காட்சிகளில் கை நின்றுவிடுகிறது, முகம் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அவன் செல்ல நாயைச் சமைத்து அவனுக்கே பரிமாறும் இடம் வரும். கொடூரமான காட்சி. அதைப் பிறந்தநாள் விருந்து பரிமாறுகிற குதூகலத்தோடு செய்கிறார். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அதற்காகக் கொஞ்ச நேரம் சங்கடப்பட்டேன்.

இவர் பின்னால் இயக்கப் போகிற படங்களுக்கான விதை இதில் கிடக்கிறது என்றே நினைக்கிறேன். யாரும் காது கொடுக்காத ஒரு பெண் தன் கைக்குத் தெரிந்த தொழிலால் பேசுகிறாள். படத்தைக் கொரியா ஆஸ்கருக்கும் அனுப்பியது. கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் சினிமாவுக்கான முன்தணிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தது 1996-ல். இது அதற்கு முந்தைய வருடத்துப் படம். எப்படி வெளியே வந்தது என்று வியப்பாக இருக்கிறது.

பார்க் சுல்-சூ 2013 பிப்ரவரியில் குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவன் மோதி இறந்துபோனார்.

15 ஜூலை, செவ்வாய்

'பிரின்சஸ் அரோரா', அக்டோபர் 2005. பாங் உன்-ஜின் இயக்கிய முதல் முழுநீளப் படம்.

நேரம் சரியில்லை. அதே ஜூலையில்தான் பார்க் சான்-வூக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' வந்திருந்தது. குழந்தைக் கொலை, பழிவாங்கும் பெண் என்று அதுவும் இதே களம். ஒப்பிடாதவர்கள் இருந்திருக்க முடியாது. பார்க் படத்தின் நேர்த்தி இதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். திரைக்கதை இரண்டு இடத்தில் மூச்சு வாங்குகிறது. போலீஸ் காட்சிகள் சராசரி.

ஆனால் அந்தக் கதாநாயகி! வெளிநாட்டு சொகுசுக் கார் விற்கும் பெண். தன் மகள் சாவில் ஏதோ ஒரு வகையில் பங்குள்ளவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறாள். முதல் கொலை டிபார்ட்மென்ட் ஸ்டோர் கழிவறையில். அடுத்தது அழகு நிலையத்தில், முகத்துக்குப் போடும் பூச்சாலேயே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கார்ட்டூன் இளவரசி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு கொலைக்கும் உடை, தலை அலங்காரம், நடை எல்லாம் மாறும். உடை வடிவமைப்பு படித்தவர், மேடையில் வேஷம் கட்டியவர் எடுத்த படம் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நடித்தது உம் ஜுங்-ஹ்வா, கொரிய பாப் மேடையின் பெரும் நட்சத்திரம். அவருக்குள் இவ்வளவு ஆத்திரம் இருப்பதை இன்னொரு நடிகைதான் கண்டுபிடித்திருக்க முடியும்.

துப்பறியும் போலீஸ்காரர் அவளுடைய முன்னாள் கணவர், சீக்கிரமே பாதிரியாராகப் போகிறவர். அந்த வேடத்துக்கு மூன் சுங்-குன். அவருடைய அப்பா மூன் இக்-ஹ்வான் நிஜத்திலேயே பாதிரியார். 1989-ல் அரசின் அனுமதி இல்லாமல் வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போய் அந்நாட்டுத் தலைவர் கிம் இல்-சுங்கைச் சந்தித்து, திரும்பி வந்ததும் சிறைக்குப் போனவர். போலீஸாகவும் மதகுருவாகவும் ஒரே ஆள் படும் அவஸ்தையை அந்த வீட்டில் வளர்ந்தவர் நடிப்பதைப் பார்க்கும்போது, வசனம் இல்லாத இடங்களில் நானே நிறைய நிரப்பிக்கொண்டேன்.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காலையிலிருந்து கரண்ட் இல்லை, படம் இல்லை. பழைய குறிப்புகளைப் புரட்டினேன்.

நடிகை இயக்குநர் ஆவது கொரியாவுக்குப் புதிதல்ல. மேடையில் தொடங்கி உச்ச நட்சத்திரமான சோய் உன்-ஹீ 1965-லேயே ஒரு படம் இயக்கியவர். அந்த நாட்டில் படம் இயக்கிய மூன்றாவது பெண் அவர். 1978-ல் ஹாங்காங்கிலிருந்து வடகொரியாவுக்குக் கடத்தப்பட்டு, 1986-ல் வியன்னாவில் தப்பித்து வந்தார். அவருக்கும் முன்னால், 1955-ல், முதல் பெண் இயக்குநர் பார்க் நாம்-ஓக் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு படப்பிடிப்பு நடத்தினார், படக்குழுவுக்குச் சமைத்தும் போட்டார். அவர் இயக்கியது அந்த ஒரே படம்தான்.

20 ஜூலை, ஞாயிறு

ஏழு வருடம் கழித்து இரண்டாவது படம், 'பர்ஃபெக்ட் நம்பர்', 2012. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் புகழ்பெற்ற நாவலை வைத்து எடுத்தது. நம்மூர் ஆட்களுக்கு முன்கதைச் சுருக்கமே வேண்டாம்: விஜய் ஆண்டனியும் அர்ஜுனும் மோதிய 'கொலைகாரன்' இதன் வழி வந்ததுதான். பக்கத்து வீட்டுப் பெண் செய்த கொலையைக் கணக்கு வாத்தியார் ஒருவர் மூடி மறைக்கிறார்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். முப்பது வயதிலிருந்தே அவருக்கு அம்மா வேஷம்தான். இன்று அவர் வீட்டில் போட்டுப் பார்த்தோம்.

ஜப்பானியக் கதையில் மூளைக்காரர்கள் இரண்டு பேர். மறைக்கிறவர் கணித மேதை, கண்டுபிடிக்கிறவர் இயற்பியல் மேதை. வாசகனுக்கு ருசியே அந்த இருவருக்கும் நடக்கும் சதுரங்கம்தான். பாங் உன்-ஜின் அந்த இயற்பியல் மேதையைக் கதையிலிருந்தே தூக்கிவிட்டார்! வாத்தியாரோடு பள்ளியில் படித்த ஒரு சாதாரண போலீஸ்காரனிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டார். கொலை செய்யும் பெண்ணின் மகளை அவளுடைய உடன்பிறந்தவரின் மகளாக மாற்றினார். நாவலின் ரசிகர்களுக்குப் பொறுக்குமா? எனக்கே முதலில் பொறுக்கவில்லை.

"நல்லதா போச்சுடா தம்பி"ன்னாங்க அக்கா. "ரெண்டு ஆம்பிளைங்க யாரு கெட்டிக்காரன்னு பேசி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொம்பள மூஞ்சியே நமக்கு மறந்துபோயிரும். இதுல அவ கடைசி வரைக்கும் நிக்கிறா பாரு."

மறுக்க முடியவில்லை. சதுரங்கம் போனதும் கதை வேறு நிறம் கொள்கிறது. ரியூ சுங்-பம் அதுவரை துள்ளிக் குதிக்கும் வேடங்களுக்குப் பேர்போனவர். இதில் தோளைக் குறுக்கி, குரலைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தத்தை வைத்தே வாழ்கிற மனிதராகிவிடுகிறார். சுவரை ஒட்டி அவர் காத்திருக்கும் ஒரு ஷாட்டில் கேமரா அசையவே இல்லை. நடிகருக்கு எவ்வளவு நேரம் தேவை என்று தெரிந்த ஒருவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார். துப்பறியும் படமாகப் பார்த்தால் விறுவிறுப்பு குறைவு. அந்த விலையைத் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார் என்பது என் கட்சி.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "ஏழு வருஷம் அந்தப் பொண்ணு என்னடா பண்ணுச்சு?" 'வாய்ப்புக்குக் காத்திருந்திருப்பார்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழு வருடமாகவே ஒரு நாடகத்தை இயக்குகிறேன் என்று குழுவில் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றிவிட்டேன்.

23 ஜூலை, புதன்

'வே பேக் ஹோம்', டிசம்பர் 2013. உண்மைச் சம்பவம். 2004-ல் ஒரு கொரிய இல்லத்தரசி, நவரத்தினக் கல் என்று நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகிறார். உள்ளே போதைப்பொருள். கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவில் ஏறக்குறைய இரண்டு வருடம் கிடக்கிறார். அவருக்குச் சாதகமான ஆவணங்கள் சொந்த நாட்டில் இருந்தும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

ஜியோன் தோ-யோன் நடித்திருக்கிறார், 2007-ல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கியவர். விமான நிலையக் காட்சியில் சுற்றிலும் பிரெஞ்சு. தப்பு செய்துவிட்டோம் என்பதே புரியாமல், அதிகாரிகளைப் பார்த்து மரியாதைக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டே இருப்பார். விலங்கு பூட்டுகிற கைக்கும் ஒரு வணக்கம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தூதரகக் காட்சிகள்தான் உறுத்தல். அத்தனை அதிகாரிகளும் கார்ட்டூன் வில்லன்கள். கோப்பை மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற ஒரு நல்ல மனிதரைக் காட்டியிருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும். கணவன் ஊரில் அலையும் பகுதியும் நீளம். ஆனால் ஜெயிலுக்குள் போனதும் படம் எழுந்து நிற்கிறது.

26 ஜூலை, சனி

'மெத்தட்', 2017. கதை நாடக மேடைக்கே திரும்பிவிடுகிறது. அனுபவமுள்ள மேடை நடிகர் (பார்க் சுங்-வூங்), அவரோடு நடிக்க வந்து சேரும் பாப் பாடகன் (ஓ சுங்-ஹூன்), ஒத்திகையில் தொடங்கும் காதல் நாடகத்துக்கு வெளியேயும் தொடர்கிறது. இதில் யார் யாரை நடிக்கிறார்கள் என்ற கேள்வி.

ஒத்திகைக் காட்சிகள் அசல். பையன் வசனத்தை ஒப்பிக்கிறான். பெரியவர் பதில் சொல்லாமல் அவனை வெறுமனே பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்கும் கிடைத்திருக்கிறது. அதன் பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. ஆனால் மேடைக்கு வெளியே நடக்கும் காதல் அவசரமாக முடிகிறது, பெரியவரின் துணைவியாக வரும் பெண்ணுக்கு வேலையே இல்லை. முந்தைய மூன்று படங்களிலும் பெண்ணை நடுவில் நிறுத்தியவர் இதில் அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டாரே என்று கோபம்.

30 ஜூலை, புதன்

அதற்குப் பிறகு அவரை அதிகம் பார்ப்பது நிர்வாகி நாற்காலியில். 2018-ல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக், இரு கொரியாவும் சேர்ந்து பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியை இறக்கிய வருடம். அந்தச் சூட்டிலேயே 2019-ல் அங்கே ஒரு அமைதித் திரைப்பட விழா தொடங்கியது. விழா இயக்குநர் பாங் உன்-ஜின், தலைவர் மூன் சுங்-குன். பியோங்யாங் போன பாதிரியாரின் மகனும் அவரை வைத்துப் படம் எடுத்தவரும் மறுபடி ஒரே மேசையில். முதல் விழாவைத் தொடங்கி வைத்தது ஒரு வடகொரியப் படம்.

2022 தேர்தலில் மாகாணத்தில் ஆட்சி மாறியது, நிதி நின்றது, விழாவும் நின்றது. பக்கத்து ஊரான கங்னியுங்கின் பட விழாவும் அதே வருடம் காலி. மலையோர ஊரில் நாலு வருடமாகக் கட்டியதை ஒரு பட்ஜெட் கூட்டத்தில் முடித்துவிட்டார்கள். விழாவுக்கு அலைந்த அந்த வருடங்களில் ஐந்தாவது படத்தை எடுத்திருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமை. அக்காவிடம் சொன்னால் "படத்துக்குப் பணம் யாரு உங்க அப்பாவா குடுப்பாரு?" என்கிறார்.

சனிக்கிழமை குழுவுக்கு இவர் படம் ஒன்றைத் திரையிடுகிறோம். என் ஓட்டு '301, 302'-க்கு. அக்கா 'பர்ஃபெக்ட் நம்பர்' என்கிறார். படம் முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி சொல்லியிருப்பதால், நாயைச் சமைக்கும் படம் வேண்டாம் என்று பெரும்பான்மை அக்கா பக்கம் சாய்ந்துவிட்டது.