நூற்றுக்கு அதிபதியும் ஆத்தங்குடி முகப்பும்

காரைக்குடியில் சித்தி வீட்டுக்குப் போக எனக்குக் காரணமே வேண்டாம், சித்தி வைக்கும் நண்டு மசாலா போதும். இந்த முறை காரணம் இருந்தது, அதுதான் சிக்கல். அவர்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நான் தேவசெய்தி கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு எங்கள் ஆயர், ஆயர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையில் 1970களிலேயே பெண்களுக்குக் குருத்துவம் கொடுக்க ஆரம்பித்துவிட்டதால், அந்தச் சாக்கிலும் நழுவ முடியாது. வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறவள், ஜெபத்துக்கு உட்கார்ந்தால் மளிகைக் கணக்குப் போடுகிறவள். இவளுக்கு ஊழியமா?

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பேருந்து. பிள்ளையார்பட்டியில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது.

சித்தி என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "ரூமுக்குள்ள உக்காந்து பயந்துக்கிட்டிருக்காத. வா, ஆத்தங்குடி போய்ட்டு வருவோம்" என்று ஆட்டோ பிடித்தார்.

தரைக்கல் செய்யும் பட்டறையில் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் ஓர் அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் ஓர் அண்ணன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அச்சைத் தூக்கிவிட்டார். சாயங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை! மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்துவிட்டால் பூ மறைந்துவிடுகிறது. சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும், பிறகு வெயில். கண்ணாடியிலிருந்து கழற்றும்போதுதான் பூவையும் பளபளப்பையும் பார்க்க முடியும். இதை வைத்தே ஒரு பிரசங்கம் பண்ணிவிடலாம் என்று நாக்குத் துறுதுறுத்தது. எத்தனை பேர் பண்ணியிருப்பார்களோ, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து லட்சுமி வீடு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாக நேர்கோட்டில் போகும், கடைசி வாசலில் பின்தெரு வெளிச்சம் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அங்கேதான் லூக்கா 7ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு படைவீரர்களுக்குத் தலைவன், நோயாய்க் கிடந்த தன் வேலைக்காரனைக் குணமாக்க வரும்படி இயேசுவிடம் ஊர் மூப்பர்களை அனுப்புகிறான். அவனுக்கு வீடு உண்டு, ஆள் உண்டு, அதிகாரம் உண்டு. பொதுவாக வாசலில் நிற்கிற நம்மைப் போன்றவர்கள்தான் கூசுவோம். இந்த ஆளோ வீட்டுக்குச் சொந்தக்காரன். அவன், வரப்போகிற விருந்தாளியான இயேசுவுக்கு, நீர் என் வீட்டுக்குள் வர நான் பாத்திரன் அல்ல, தகுதியானவன் அல்ல என்று சிநேகிதரிடம் சொல்லியனுப்புகிறான்.

ஊர் மூப்பர்கள் அதற்கு முன்பே வேறு சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அவன் பாத்திரன்தான், நமக்கு ஜெபஆலயம் கட்டிக் கொடுத்தான் என்று. காரைக்குடியில் இதை விளக்கவே வேண்டாம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை ஊருக்குக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியாரைப் பற்றி இன்றும் அப்படித்தானே பேசுகிறோம், கட்டினார், கொடுத்தார் என்று. அது நியாயமான நன்றி. ஆனால் இயேசு மூப்பர்களின் சிபாரிசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுடைய ‘பாத்திரன் அல்ல’ என்பதையும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அவன் விசுவாசத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அந்த நேரத்தில் வீட்டில் வேலைக்காரன் சுகமாகிவிட்டான்.

நானோ மாதக்கணக்காக எனக்கு நானே சான்றிதழ் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பவுலும் தன்னை அப்போஸ்தலன் என்று பேர்பெறப் பாத்திரன் அல்ல என்றவர்தான் (1 கொரிந்தியர் 15). அடுத்த வசனத்திலேயே, ‘ஆகிலும் நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ‘ஆகிலும்’ வரைக்கும் நான் வாசித்ததே இல்லையோ என்று தோன்றியது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சங்கத்தில் இதைத்தான் சொன்னேன். தொண்டை இரண்டு முறை அடைத்தது. முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "நல்லாத்தான் சொன்ன தாயி. ஆனா ஒண்ண விட்டுட்டியே. சாகக் கெடந்தவன் அந்த வேலைக்காரன். அவன் பாத்திரனா இல்லையான்னு யாருமே கேக்கலையே?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, பையிலிருந்து எடுத்த குழிப்பணியாரப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே விண்ணப்பத்தை நிரப்பினேன். ‘உமது அழைப்பைப் பற்றி எழுதுக’ என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மட்டும் அரைப் பக்கம் போதவில்லை, தனித்தாள் இணைத்திருக்கிறேன்.