பெருக்கல் வாய்பாடு போடும் சண்டைகள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் வரிசையின் உலகங்களில் நாள்கணக்கில் சுற்றித் திரிவதில் எனக்குச் சலிப்பே இல்லை. வாளை உருவ வேண்டிய கட்டம் வரும்போதுதான் சலிப்புத் தட்டுகிறது.

2002இல் வந்த மாரோவிண்டில், தொடக்க நிலையில் கரையோர நண்டொன்றைக் குத்தினால், கத்தி அதன் ஓட்டுக்குள் புகுந்து வருவது திரையில் தெரியும். ஆனால் அடி பட்டதாகக் கணக்கில் ஏறாது. நம் ஆயுதத் திறனையும், ஓடி வந்ததில் வற்றிப்போன தெம்பையும் வைத்து உள்ளே உருளும் பகடைதான் அதைத் தீர்மானிக்கிறது. கண்ணெதிரே பட்ட அடியை இல்லையென்று சாதிப்பது எரிச்சலூட்டினாலும், திறன் ஏற ஏற அதே நண்டு ஒரே வீச்சில் சாயும்போது, வளர்ந்திருக்கிறோம் என்பதாவது புரிந்தது.

2006இன் ஆப்லிவியன் அந்தப் பகடையை ஒழித்த கையோடு, எதிரிகளையும் நம்முடன் சேர்த்தே வளர்க்கத் தொடங்கியது. உயர்நிலையை எட்டியபின் காட்டுப்பாதையில் வழிமறித்து 100 பொற்காசு கேட்கும் திருடன், அதைப்போல் பல மடங்கு விலைபோகும் கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறான். விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதானே!

என் பெரிய மனக்குறை 2011இல் வெளியான ஸ்கைரிம் மீதுதான். 2013இல் சேர்க்கப்பட்ட லெஜண்டரி கடினநிலையில் நாம் கொடுக்கும் அடி கால் பங்காகக் குறைகிறது, வாங்கும் அடி மூன்று மடங்காகிறது. எதிரியோ எளிய நிலையில் எப்படி நேரே ஓடிவந்து கோடரியை ஓங்கினானோ, அப்படியேதான் இங்கும் ஓடிவருகிறான். சண்டை கடினமாகவில்லை, நீளமாகிறது. அழிவு மந்திரத்தை நம்பியவர் பாடு இன்னும் மோசம்: திறன் 100ஐத் தொட்டாலும் மந்திரச் செலவுதான் குறையுமே தவிர, தீப்பந்தின் தாக்கம் 40லிருந்து நகராது, நிலை உயரும்போது தேர்ந்தெடுக்கும் கூடுதல் வல்லமைகளான பெர்க்குகளில் தீக்கான இரண்டையும் எடுத்தால் 60 ஆகும். வாள்காரரோ பட்டறையில் ஆயுதத்தைத் தீட்டித்தீட்டி அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடுகிறார். இது போதாதென்று, உயிர் போகும் தறுவாயில் மெனுவைத் திறந்தால் டிராகன் வாயில் நெருப்போடு அப்படியே உறைந்து நிற்க, நாம் பை நிறைய வைத்திருக்கும் பாலாடைக்கட்டியை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்து எழுந்துவரலாம்.

இந்த ஆட்டத்தில் யார் எந்த வேடத்தில் தொடங்கினாலும் கடைசியில் இருட்டில் பதுங்கி அம்பெய்பவராகவே முடிகிறார்கள் என்ற கேலி ரசிகர்களிடையே பழையது. அதற்குச் சோம்பல் காரணமென்று நான் நினைக்கவில்லை. எங்கே நிற்பது, எப்போது நாணை விடுவது, எவனை முதலில் வீழ்த்துவது என்று ஆடுபவரை யோசிக்க வைக்கும் சண்டைமுறை அங்கே அது ஒன்றுதான். மற்றவற்றில் எதிரியின் உயிரைக் காட்டும் சிவப்புப் பட்டை தீரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் போதும்.