பிளேடின் பின்பக்கம்

மேஜைக்கு நடுவே வட்ட பிளேடு மேலே நீட்டிச் சுற்றுகிற மரம் அறுக்கும் மிஷினான டேபிள் சாவில் நிற்கிற எவரும் கண் வைப்பது பிளேடின் முன்பக்கத்தில்தான். பல் மேலிருந்து இறங்கி மரத்தைக் கடிக்கிற இடம் அது; அங்கே கை போய்விடுமோ என்ற பயம் இயல்பு. ஆனால் முன்பக்கத்துப் பல் மரத்தை டேபிளோடு சேர்த்து அழுத்துகிறது, அதனால் மரம் அடங்கி நிற்கும். பின்பக்கத்தில் அதே பல் கீழிருந்து மேலே ஏறுகிறது. அறுபட்ட மரம் அங்கே கொஞ்சம் உரசினாலும் பல் அதைத் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலே கொண்டுவந்து, அறுக்கிறவர் பக்கம் எறியும். 12 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். ‘கட்டை அடிச்சிடுச்சு’ என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அடிவயிற்றில் வாங்குகிற அடி ஒன்று. மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கை, மரம் சட்டென்று விலகியதும் பிளேடின் மேல் போய் விழுவது இன்னொன்று. விரல் போன விபத்துகளை விசாரித்துப் பார்த்தால், பலவற்றில் கை தானாகப் பிளேடுக்குள் போயிருக்காது. மரம்தான் இழுத்துப் போயிருக்கும்.

கைரம்பக் காலத்திலேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று மரம் அறுக்கும்போது, ரம்பம் கொஞ்ச தூரம் போனதும் அறுத்த வாயில் ஓர் ஆப்பை வைத்துவிடுவார்கள். மரம் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வாது. டேபிள் சாவில் அந்த ஆப்பின் வேலையைச் செய்வது பிளேடுக்குப் பின்னால் நிற்கிற ரைவிங் நைஃப் என்ற தகடு. அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு அறுப்பது ஆப்பசைத்த குரங்கின் வேலைதான். மரத்தில் பள்ளம் (பொறி) எடுக்க இடைஞ்சல் என்று ஒருநாள் கழற்றுவார்கள், பிறகு அது திரும்ப ஏறாது. உள்ளூரில் செய்து வரும் பல மிஷின்களில், முக்கியமாக இழைப்பு மிஷினோடு சேர்ந்து வரும் சர்க்கிளில் (வட்ட ரம்பத்தில்), இந்தத் தகடு முதலிலிருந்தே இருப்பதில்லை.

இல்லாவிட்டால் செய்து மாட்டலாம், பெரிய செலவில்லை. கனம்தான் முக்கியம்: பிளேடின் உடம்பைவிடக் கனமாகவும், பல் வெட்டுகிற அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல்லின் அகலம் 3.2 மி.மீ., உடம்பு 2.2 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. இரும்புத் தகடு சரியாக இருக்கும். பிளேடைப் பார்க்கும் விளிம்பைப் பிளேடின் வளைவுக்கே வெட்டி, பல்லுக்கும் தகடுக்கும் நடுவே 3 முதல் 8 மி.மீ. இடைவெளி விட வேண்டும். மேல்முனை பிளேடின் உச்சிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கீழே நிற்கட்டும். எங்கே போல்ட் போடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேபிள் ஏறி இறங்கும் மிஷின் என்றால் தகட்டை மிஷினின் பாடியில் மாட்ட வேண்டும். டேபிளில் மாட்டினால் உயரம் மாற்றும்போதெல்லாம் இடைவெளி மாறிவிடும். பிளேடு ஏறி இறங்கும் மிஷின் என்றால் ஷாஃப்ட்டைத் தாங்குகிற பிராக்கெட்டில்தான் மாட்ட வேண்டும்.

இனி மரம். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பட்டறைகளில் பண்ருட்டிப் பலா நிறைய வரும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. காற்றில் சாய்ந்த மரம், சரிந்து வளர்ந்த மரம், கிளை மரம் மூன்றுக்கும் உள்ளே இறுக்கம் இருக்கும். பார்க்க நேராக இருக்கிற பலகை, அறுக்க அறுக்க இரண்டு பக்கமும் வாய் விரியும், அல்லது வாய் மூடிப் பிளேடைப் பிடிக்கும். ஓரடி அறுத்ததுமே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்: பிளேடுக்குப் பின்னால் அறுத்த வாய் பல்லின் அகலத்தைவிடக் குறுகினால், மோட்டார் சத்தம் தாழ்ந்தால், மரம் மூடுகிறது. அப்போது பின்னால் இழுக்கவே கூடாது. ஒரு கையால் மரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மிஷினை நிறுத்தி, பிளேடு முழுதாக நின்ற பிறகு வாயில் ஆப்பு வைத்துவிட்டுத் தொடரலாம். இதற்காகவே சுவிட்ச் முழங்காலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். பலாவின் பால் காய்ந்து பல்லில் பிசினாக ஒட்டுவது தனித் தொல்லை. பிசின் பிடித்த பல் வெட்டாது, உரசும்; உரசினால் சூடு, சூட்டில் பிளேடு நெளியும். பிளேடைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி நேரம் சாணை பிடிக்கிற செலவு மிச்சம்.

புதுச்சேரியின் பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற தேக்கு வேறு மாதிரி. அது நன்றாகக் காய்ந்த மரம், நெளிவு குறைவு. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். மரக் கட்டைகளின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையிலிருந்து வந்த கட்டை என்றால் சுண்ணாம்பும் மணலும் வேறு ஒட்டியிருக்கும். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணியைக் கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி: இரும்பைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாக மாறியிருக்கும். அந்தக் கறை எங்கே தெரிந்தாலும் அங்கே உளி வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் கம்பி பிரஷ், அப்புறம் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், அதற்குப் பிறகுதான் மிஷின். கார்பைடு பல் கடினமானது, அதனாலேயே நொறுங்கக் கூடியது. ஆணியில் பட்ட பல் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணாடி போடாமல் பழைய மரம் அறுப்பவரைப் பட்டறையில் விடக்கூடாது.

எந்த மரமானாலும் கைடில் (பிளேடுக்குப் பக்கத்தில் மரத்தை நேராக ஓட்டுவதற்கு நிற்கிற தடுப்பில்) ஒட்டுகிற விளிம்பு நேராகவும், டேபிளில் படுகிற முகம் ஆடாமலும் இருக்க வேண்டும். பட்டை விளிம்போடு இருக்கும் பலகையை அப்படியே கைடில் வைத்தால் அது உருளும், பிளேடில் மாட்டும். மேலே ஒரு நேரான ரீப்பரை, பிளேடின் வழிக்கு எட்டாமல் ஆணியடித்து, அந்த ரீப்பரைக் கைடில் ஓட்டி முதல் விளிம்பை எடுக்கலாம்.

கைடு விஷயத்தில் உள்ளூர் மிஷின்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு முனையிலும் தனித்தனியாக நட்டு இறுக்குவதால், ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் கோணம் மாறும். டேப்பைப் பிளேடின் ஏதோ ஓர் இடத்தில் வைத்து அளப்பது பிரயோசனமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, அது முன்னால் இருக்கும்போது கைடு வரை அளந்து, கையால் பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்கலாம், பின்னால் ஒரு காகிதக் கனம் கூடுதலாக இருக்கலாம். குறையவே கூடாது; குறைந்தால் மரத்தைப் பின்பக்கத்துப் பல்லின் மேல் நாமே அழுத்துகிறோம். அறுத்த முகத்தில் கறுப்பாகத் தீய்ந்த கோடு கைடு பக்கத்துத் துண்டில் மட்டும் வந்தால் முதல் சந்தேகம் இதுதான். முழு மரம் அறுக்கும்போது கைடின் முகத்தில் ஒரு கட்டையை இறுக்கி, அதைப் பிளேடின் நடுவோடு முடித்துவிடுவது நல்ல பழக்கம். அறுபட்ட பகுதி விலக இடம் கிடைக்கும். பிளைவுட்டுக்கு இது வேண்டாம், முழு நீளக் கைடு தேவை. பிளைவுட் வாய் மூடாது, ஆனால் கைடை விட்டு ஒரு நூல் விலகினால் பின்மூலை பல்லில் ஏறி ஷீட்டே சுழன்று வரும்.

பிளேடு மரத்துக்கு மேல் இரண்டு மூன்று நூல் தெரிந்தால் போதும். நீள வாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 அல்லது அதற்கு மேல். 60 பல் பிளேடால் இரண்டு அங்குலத் தேக்கை நீளத்துக்கு அறுப்பது மரத்தை எரிப்பதுதான். குறுக்கே துண்டு போடும்போது கைடையும், மரத்தைக் குறுக்கே பிடித்துத் தள்ளுகிற கோணக் கைடையும் ஒரே நேரத்தில் தொட வைக்கக் கூடாது; துண்டு இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பறக்கும். அளவுக்குத்தான் கைடு வேண்டுமென்றால், பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே கைடில் ஒரு சின்னக் கட்டையை இறுக்கி, அதில் தொட்டு அளவு பிடித்து நகர வேண்டும்.

நிற்கிற இடம் பிளேடின் கோட்டில் இருக்கக் கூடாது, கொஞ்சம் இடப்பக்கம். இடது கை மரத்தைக் கைடோடு ஒட்டி அழுத்தும்; பிளேடின் முன்னாலேயே அதன் எல்லை முடிந்துவிடும். வலது கை தள்ளும். பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே 6 அங்குலத்துக்குக் கீழே வந்தால் தள்ளுகட்டை. வாய் பிளந்த குச்சியைவிட, அடியில் குதி வைத்த, செருப்பு வடிவத் தள்ளுகட்டை மேல். மரத்தின் முதுகை அழுத்திக்கொண்டே தள்ளும். 12 மி.மீ. பிளைவுட் துண்டில் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம், வெட்டுப்பட்டால் வேறு செய்யலாம். கைடு பக்கத்துத் துண்டு ரைவிங் நைஃபைத் தாண்டும் வரை தள்ள வேண்டும். பாதியில் விட்டால் அது பின்பக்கத்துப் பல்லுக்குப் பக்கத்தில் அநாதையாகக் கிடக்கும்.

எதிரே நிற்கிற பையன் இன்னொரு ஆபத்து. உதவி என்று நினைத்து இழுப்பான். அவன் இழுக்கிற வேகத்தில் அறுக்கிறவர் கை பிளேடை நோக்கிப் போகும். “தம்பி, இழுக்காத, தாங்கு” என்று மேஸ்திரிகள் ஓயாமல் சொல்வது இதனால்தான். அவனுக்குப் பதிலாக டேபிள் மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டு போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கைலி, தோளில் துண்டு, முழுக்கைச் சட்டையின் அவிழ்ந்த பட்டன், மணிக்கட்டுக் கயிறு, கையுறை எதுவும் ஆகாது. ஆயுதபூஜைக்கு மிஷினில் கட்டிய மாலையைச் சுவிட்ச் போடுவதற்கு முன் நூல்கூட மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும்.

கரண்ட் போய் வருவது இங்கே தினசரி விஷயம். சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சில் ஓடுகிற மிஷின், கரண்ட் போனபோது ஆனிலேயே இருந்தால், திரும்ப வந்ததும் தானாகச் சுற்றும். அப்போது யாராவது பிளேடு மேல் கை வைத்து மரத்தூள் தட்டிக்கொண்டிருக்கலாம். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் போட்டால் கரண்ட் போனதும் விழுந்துவிடும், மறுபடி பச்சை பட்டனை அழுத்தினால்தான் ஓடும். த்ரீ ஃபேஸில் இன்னொன்று: புயல் மழைக்குப் பிறகு லைன் வேலை நடந்தால் ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். எதிர்ச் சுற்றில் ஷாஃப்ட் நட்டு தளரவும் கூடும். லைன் வந்த அன்று மரம் வைக்காமல் ஒருமுறை தட்டிப் பார்த்துத் திசையை உறுதி செய்த பிறகே வேலை.

சைட்டில் மார்பிள் கட்டரைப் பிளைவுட்டுக்கு அடியில் கவிழ்த்து மாட்டிச் செய்கிற ‘டேபிள் சா’வைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. 110 மி.மீ. பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று. பல்லின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி. ரைவிங் நைஃப் கிடையாது, சுவிட்ச் பலகைக்கு அடியில் லாக் ஆகியிருக்கும்.

கடல்காற்றில் வார்ப்பிரும்பு டேபிள் ஒரே மழைக்காலத்தில் துருப் பிடிக்கும். துருவில் மரம் நகராது, நகராத மரத்தைக் கூடுதல் பலம் போட்டுத் தள்ளுவோம், அந்தப் பலம்தான் கை வழுக்கும்போது பிளேடில் போய் முடியும். நைஸ் எமரி தாளால் தேய்த்து மெழுகுவர்த்தி பூசித் துணியால் துடைத்தால் மரம் தண்ணீரில் போவதுபோல் போகும்.

அப்படியும் விரல் துண்டாகிவிட்டால்: சுத்தமான துணியை வைத்துக் காயத்தை இறுக்க அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகத் தோலில் பட்டால் சதை கெட்டுவிடும். டேபிள் சா 3 மி.மீ. சதையையும் எலும்பையும் தூளாக்கியே வெட்டுவதால் எல்லா விரலும் ஒட்டாது; முடியுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதனால் எதையும் தூக்கிப் போட வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுவது நல்லது. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.