வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு

மார்ச் 4

இடித்துவிட்டோம். அக்காதான் ஓட்டினாள். பெரிய சத்தம்கூட இல்லை, 'டப்' என்று ஒன்று, அவ்வளவுதான். நின்றிருந்த சாம்பல் நிறக் காரின் முன்பக்க மூலை. உள்ளே ஆள் இல்லை. அக்கா ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். "யாரும் பார்க்கலையே" என்றாள். அடுத்த நொடி அவளே "சே, என்ன பேச்சு இது" என்று இறங்கிவிட்டாள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்தேன். இரண்டு வண்டியும் நம்பர் பிளேட்டோடு தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து, அப்புறம் இடிபட்ட இடம் மட்டும் கிட்டத்தில். அக்கம்பக்கம் விசாரித்தோம். யாருடைய வண்டி என்று தெரியவில்லை. அக்கா சீட்டு எழுதினாள்: பெயர், போன் நம்பர், நம் வண்டி எண், நேரம். வைப்பருக்கு அடியில் செருகி அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பினோம்.

மார்ச் 5

போன் வரவில்லை.

மார்ச் 6

ராத்திரி நல்ல மழை. அக்கா எழுதியது ஜெல் பேனாவில். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பிசுக்கு, கொஞ்சம் தாங்கும். ஜெல் மை நனைந்தால் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கலாம். பைக்குள் அம்மாவின் ஸ்கேன் உறையே இருந்தது.

மார்ச் 7

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாம்பல் பம்பரில் வெள்ளைக் கோடு தெரிகிறதே, அது பெரும்பாலும் நம் வண்டியின் பெயின்ட் அங்கே ஒட்டியிருப்பது. நகத்தால் குறுக்கே வருடினால் தெரிந்துவிடும்: வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டம், நகம் சிக்கினால் கீறல் ஆழம். நம் பின்பக்க பம்பரில் அப்படித்தான் பார்த்தேன். வழுக்கியது.

அத்தான் "துடைத்தால் போயிடும், இதுக்குப் போய்..." என்கிறார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காலத்துப் பம்பரின் மேல் உறை பிளாஸ்டிக். அமுங்கும், அப்புறம் பழையபடி எழும்பிவிடும். வெளியே ஒன்றும் ஆகாத மாதிரி நிற்கும். உள்ளே இருக்கும் கிளிப் உடைந்திருக்கலாம், ஃபோம் நசுங்கியிருக்கலாம், ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் காது விட்டிருக்கலாம்.

அந்தப் படத்தில் ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு இடைவெளி. வலது பக்கம் கத்தி முனைதான் போகும், இடது பக்கம் விரல் நுனியே நுழையும் போலிருக்கிறது. நாம் இடித்தது இடது பக்கம்.

மார்ச் 8

வீட்டில் சண்டை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும் என்கிறார் அத்தான். தெரியப்படுத்துவது வேறு, பணம் கேட்பது வேறு. போனஸ் போவது பணம் கேட்டு வாங்கினால்தான். பாலிசித் தாளை எடுத்துக் காட்டினேன், விபத்து நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நாளைக்கு அந்தக் காரின் சொந்தக்காரர் நஷ்டஈடு கேட்டு வந்து நிற்கும்போது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்தால்?

இதற்கு நடுவில், சீட்டில் 'தப்பு என்னுடையதுதான்' என்று அக்கா எழுதியது அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. அதெல்லாம் எழுதவே கூடாதாம். கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், விவரம் மட்டும் கொடு, பொறுப்பை நீயாக ஏற்காதே என்று. சரிதான். ஆனால் நின்றிருந்த வண்டி தானாக வந்தா நம் மேல் மோதியது?

மார்ச் 10

மறுபடியும் அங்கே போனோம். அந்த இடத்தில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. வாட்ச்மேனிடம் கேமரா பதிவு பற்றிக் கேட்டோம். டிஸ்க்கில் இடம் நிரம்ப நிரம்பப் பழைய பதிவு தானாக அழிந்துவிடுமாம், போலீஸ் கேட்டால்தான் எடுத்து வைப்பார்களாம். சீட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. தரையில்கூடத் தேடினேன்.

இடைவெளி, இடைவெளி. தூக்கமே வரவில்லை.

மார்ச் 11

சீட்டு வைத்தால் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தோம். சில ஊர்ச் சட்டத்துக்கு அது மட்டும் போதாது. பிரிட்டனில், விவரத்தை ஆளிடம் நேரில் கொடுக்க முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியாக வேண்டும். படித்ததும் வயிறு பிசைந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்தோம், படங்களைக் காட்டினோம், பதிவு எண் வாங்கிக்கொண்டோம். "இதுக்கா வந்தீங்க?" என்றார் அங்கிருந்தவர். ஆமாம், இதுக்குத்தான்.

அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 13

தெரியாத நம்பர். ஓடிப்போய் எடுத்தேன். கடன் வேண்டுமா என்றது ஒரு குரல்.

மார்ச் 15

போன் வந்துவிட்டது!

அந்தக் காரின் சொந்தக்காரர், வயதான அம்மா ஒருவர். வெளியூர் போயிருந்தாராம், சீட்டை அவர் மகன் எடுத்து வண்டிக்குள் போட்டு மறந்துவிட்டானாம். மழைக்கு முன்னாலேயே எடுத்துவிட்டான்! "நீங்க சீட்டு வெச்சதே பெரிசும்மா" என்றார். பெயின்ட் செலவை மட்டும் கொடுத்தால் போதுமாம். அக்கா அப்போதே பணம் அனுப்பப் போனாள். நான் தடுத்தேன். முதலில் பம்பரைக் கழற்றிப் பாருங்கள், சென்சார் எல்லாம் அதற்குப் பின்னால்தான் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அத்தான் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மிதிக்கட்டும். கையோடு பணம் கொடுப்பதென்றாலும் தேதி, இரண்டு வண்டி எண், தொகை, 'இத்தோடு கணக்கு தீர்ந்தது', இரண்டு பேர் கையெழுத்து, எல்லாம் வேண்டும். அதற்கு முதலில் என்ன உடைந்தது என்று தெரிய வேண்டாமா?

மார்ச் 17

கழற்றிப் பார்த்தார்கள். அந்த இடைவெளி பழையதாம். முன்பு எப்போதோ பழுது பார்த்தபோதே அப்படித்தான் மாட்டினார்களாம். இத்தனை ராத்திரி அதற்காகவா விழித்தேன்!

ஆனால் பார்க்கிங் சென்சாரைப் பிடித்திருக்கும் பிடி உடைந்திருக்கிறது. அது நாம் இடித்தது. எஸ்டிமேட்டைப் பார்த்த அத்தான்தான் இப்போது கிளெய்ம் பண்ணலாம் என்கிறார்.

மார்ச் 18

நாளைக் காலை சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருகிறார். நம் வண்டியையும் பார்க்க வேண்டுமாம், பம்பரில் ஒட்டியிருக்கும் சாம்பல் பெயின்ட்டைத் துடைக்காமல் அப்படியே வைக்கச் சொன்னார்கள். அத்தான் பாலிஷ் டப்பாவும் துணியுமாக வாசலில் நிற்கிறார். போய்ப் பிடுங்க வேண்டும்.