510 கிராம்

யூலை 6

சந்தையில் மரக்கறிக்கடைத் தராசில் கமராவை வைத்து நிறுத்துப் பார்த்தேன். லென்ஸ், வார், உள்ளே பாதி எடுத்த றோல், எல்லாம் சேர்த்து 1 கிலோ 240 கிராம். கடைக்கார அண்ணை, "வத்தாளங்கிழங்கெண்டால் ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்துக்குக் காணும்" என்றார். இத்தனை வருடமும் இந்தப் பாரம் என் கழுத்தில்தான் தொங்கியது.

யூலை 7

இன்றும் இடது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்தபடிதான் விடிந்தது.

யூலை 9

நிக்கோன் எஃப்2. 1971இல் வந்து 1980 வரை செய்த கமரா. சட்டர் முழுக்கப் பொறிதான், பற்றரி செத்தாலும் படம் விழும், வெளிச்சம் அளக்கிற மீற்றருக்கு மட்டும்தான் பற்றரி. அப்பாவின் ஸ்ரூடியோவில் கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் இதுதான். 2006இல் மீற்றர் வேலை செய்யவில்லை என்று சித்தப்பாவிடம் கொழும்புக்குக் கொடுத்துவிட்டார். ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச்சாவடி பூட்டியது, ஓமந்தைச் சாவடியும் இறுகியது. கமரா கொழும்பிலேயே நின்றுவிட்டது.

ஸ்ரூடியோவில் இருந்த வேறு ஒரு பொருளும் இன்று இல்லை. பழுதானதால் தப்பியது இது ஒன்றுதான். இதைத்தான் கழுத்திலிருந்து இறக்கி வை என்கிறார்கள்.

யூலை 12

மச்சாள் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தாள். "இந்தக் காலத்தில ஆரடி பிலிம் போடுறது? என்ர டிஜிட்டல் கமரா சும்மா கிடக்கு. நல்லூருக்கு வாற ஆக்களிட்டக் குடுத்துவிடுறன். அரைக் கிலோகூட இல்லை. தானாக் குவியும். நீ அமத்தினால் சரி."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஒரு றோல் வாங்குகிற காசுக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமை மீன் வரும். றோல் கொழும்பிலிருந்து வர வேண்டும், வந்தால் பிறிஜ்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். 36 தரம்தான் அமத்தலாம். அதில் ஒன்று கண் மூடியதா என்பது மூன்று கிழமைக்குப் பிறகுதான் தெரியும். எல்லாம் எனக்கும் தெரியும். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

யூலை 13

நித்திரை வரவில்லை. மச்சாளுக்குச் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

2010 முதல் 2014 வரை நான் எடுத்ததெல்லாம் டிஜிட்டல்தான். யுஎன்எச்சிஆர் எழுத்துப் போட்ட தறப்பாள் வீடுகள், வெய்யிலில் கண்ணைக் குத்துகிற புதுத்தகரம், காணி ஓரங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். கிணறு இறைத்தபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு தையல் மெசின் வந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரி. எல்லாம் ஒரே வன்தட்டில். 2015இல் ஒரு நாள் செருகினேன். விளக்கு எரிந்தது, உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கொழும்பு வரை கொண்டுபோனேன், ஒரு படம்கூட வரவில்லை. இன்னொரு பிரதி வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் வைக்கவில்லை. அந்த நாலு வருடத்து ஊர் இனி எங்கேயும் இல்லை.

அம்மா காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போருக்குள்ளிருந்து வந்தார். அதே பைக்குள் ஆறு நெகட்டிவ். அக்காவின் சாமத்தியம். கழுத்தளவு தண்ணீருக்குள் வந்ததில் இரண்டு ஒட்டிப்போயின, நாலு நல்லது. 2012இல் வவுனியாவில் கொடுத்து ஒன்றைப் பெருப்பித்தோம், சுவரில் இருப்பது அது. வெளிறி வெளிறி அக்காவின் சேலை இப்போது மண் நிறம். அம்மா அது கிளிப்பச்சை என்கிறார். எனக்கு நீலம் என்றுதான் ஞாபகம்.

யூலை 15

சோளகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. கமராவை வெளியே எடுக்கவில்லை.

யூலை 18

கொழும்பு பஸ்ஸில் பாசல் வந்தது. மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒலிம்பஸ் ஓஎம்-1, இதுவும் பிலிம் கமராதான். உடல் மட்டும் 510 கிராம். 50 மில்லிமீற்றர் லென்ஸ், வார், றோல் போட்டு அதே தராசில் 730. அரைக் கிலோ கழுத்தை விட்டு இறங்கியது. கையில் எடுத்ததும் உள்ளே ஏதோ இல்லாததுபோல் இருந்தது. கண்ணை வைத்தால் எஃப்2ஐவிடப் பெரிதாகவும் வெளிச்சமாகவும் தெரிகிறது. இத்தனை சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய யன்னலை எப்படி வைத்தார்கள்!

செய்தவர் யொஷிஹிசா மைத்தானி. மற்றவர்களின் கமராக்கள் பாரமும் சத்தமுமாக இருந்த காலத்தில் சின்னதாக, சத்தமில்லாமல், அதிராமல் ஒன்று வேண்டும் என்று நின்றவர். கண்ணாடி எழும்பி அடிக்கிற அடியைக் காற்றால் தணிக்க வழி செய்தார். 1972இல் எம்-1 என்றுதான் இதற்குப் பெயர். அந்த எம் எங்களுடையது என்று லைக்கா செய்கிற ஜெர்மன்காரர் மறுத்ததால் அடுத்த வருடம் ஓஎம்-1 ஆனது. எஃப்2 அடித்தால் கோயில் மண்டபத்தில் பத்துப்பேர் திரும்புவார்கள். இது அடித்தபோது முற்றத்துக் கோழி தலையைத் தூக்கவில்லை.

எஃப்2ஐத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "வித்துப்போடாதை" என்றார்.

யூலை 19

நான் யோசிக்காத ஒன்று. எஃப்2இல் சட்டர் வேகம் மேலே, வலக்கையில். ஓஎம்மில் அது லென்ஸின் அடியைச் சுற்றிய வளையம். குவியம், துவாரம், வேகம் மூன்றும் இடக்கையில்தான். பெருவிரலும் சுட்டுவிரலும்தான் திருப்ப வேண்டும். அந்த இரண்டும்தான் எனக்கு மரக்கிறது.

காலையில் பரவாயில்லை. பின்னேரம் வளையம் எது, வார் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. பாரம் குறைந்தது, வேலை முழுக்க நோகிற கைக்குப் போய்விட்டது. 'தானாக் குவியும்' என்ற மச்சாளின் குரல் காதில் நிற்கிறது.

யூலை 21

மீற்றர் ஆடவில்லை. ஓஎம்-1 கேட்பது பழைய பாதரச பற்றரி, 1.35 வோல்ட். பாதரசத்தைத் தடுத்த பிறகு அது வருவதில்லை. இப்போது கிடைக்கிற 1.5 வோல்ட்டைப் போட்டால் மீற்றர் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும், நெகட்டிவ் வெளிறும். காதுக் கருவிக்குப் போடுகிற 675 ஆம் இலக்கம் 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரி. ஆனால் கொஞ்சம் சின்னது, சுற்றிவர ஒரு வளையம் வைக்க வேண்டும்.

675தான் அம்மாவின் காதுக்கும். 2009இலிருந்து அம்மாவுக்கு வலப்பக்கம் கேட்பதே இல்லை, இடப்பக்கம் கருவியால்தான். அட்டையில் ஆறு இருந்தது. கேட்டேன். கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன். "எடு, எடு. படம் எடுக்கிறதுக்குத்தானே" என்றார்.

நீல ஒட்டியை உரித்ததும் காற்றுப் பட்டு உயிர் வரும். பிறகு பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் சில கிழமைதான். ஊசி அசைந்தது.

யூலை 24

பனையடி ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தார். "பிள்ளை, எனக்கொரு படம் எடுத்துத் தா. செத்தால் மாலை போட ஒண்டும் இல்லை. அடையாள அட்டையில இருக்கிறது நானெண்டு ஆரும் நம்பமாட்டினம்."

தாழ்வாரத்து நிழலில் இருத்தினேன். வெளியே கொளுத்துகிற வெய்யில். 400 பிலிமுக்கு வெய்யிலில் துவாரம் 16, வேகம் 500 என்று அப்பா கணக்குச் சொல்லித் தந்திருக்கிறார். கிடுகு நிழலுக்குள் வந்தால் நாலு படி திறக்க வேண்டும். மீற்றரும் அதையே சொன்னது, எனக்குப் பெரிய சந்தோசம். விரல் ஒத்துழைத்தது. நாலு படம். கமரா சத்தமில்லாமல் அடித்ததால் மூன்றாவது எடுத்தது ஆச்சிக்குத் தெரியாது. அப்போது முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கையை நீட்டினார். "காட்டு பாப்பம்." கமராவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கறுப்புத் தகரம்.

யூலை 25

"படம் வந்ததோ?"

யூலை 26

"வந்ததோ பிள்ளை?"

யூலை 29

யாழ்ப்பாணம் கிளினிக். பரந்தன் வழியாகப் போனேன். ஆனையிறவில் உப்பளத்தின் மேல் வெளிச்சம் வெள்ளைக் கடதாசிபோல் கிடந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒன்று எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

கழுத்தெலும்பு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நரம்பு நெரிபடுகிறதாம். ஸ்கானுக்குத் திகதி தருவார்கள். வெட்டுவதா இல்லையா என்பது அதற்குப் பிறகு.

ஓகஸ்ட் 2

ஆச்சி இன்று கேட்கவில்லை. அதுதான் மனதைக் குடைகிறது.

றோலில் இன்னும் 14 இருக்கிறது. 14ஐயும் எடுத்து முடித்துத்தான் கழுவ வேண்டும். விறுவிறென்று அமத்தி முடிக்க மனம் வரவில்லை. ஆச்சிக்கு 84 வயது. டிஜிட்டலில் எடுத்திருந்தால் அன்றைக்கே கண்டிருப்பார், மறுநாள் புதுக்குடியிருப்பில் பிரேம் போட்டுக் கொடுத்திருக்கலாம். என் ஆசைக்கு ஒரு கிழவியைக் காக்க வைக்கிறேனா? நான் பிலிம் பக்கம் நிற்பது அந்த ஆறு நெகட்டிவ்வால். ஒன்றையும் செருகாமல், வெளிச்சத்தில் பிடித்தால் ஆள் தெரிகிறதே, அதற்காக. ஆனால் அந்த ஆறு தப்பியது பிலிம் என்பதாலா, அம்மா இடுப்பில் கட்டியதாலா? அப்பாவின் ஸ்ரூடியோவில் தகரப் பெட்டி தகரப் பெட்டியாக நெகட்டிவ் இருந்தது. ஊரில் பாதிப்பேரின் கலியாணம் அதற்குள். ஒன்றும் மிஞ்சவில்லை. பிலிமும் எரியும். என் வன்தட்டை யாராவது இடுப்பில் கட்டியிருந்தால்? கட்டியிருந்தாலும் அது டிக் டிக் என்றுதான் சொல்லியிருக்கும்.

எழுத எழுத இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது.

ஓகஸ்ட் 5

நல்லூருக்கு வந்தவர்கள் மச்சாளின் கமராவைக் கொண்டுவந்து தந்தார்கள். அம்மா ஒரு சாக்லேட் பெட்டியைத்தான் முதலில் திறந்தார்.

ஓகஸ்ட் 6

அதில் நான் எடுத்த முதல் படம் ஆளில்லை. நெகட்டிவ்.

போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, மேலே கொஞ்சம் உயர்த்தி ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, அதில் நெகட்டிவ்வை வைத்தேன். லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் மிகவும் கிட்டக் குவியும், இதுவும் அப்பா காட்டித் தந்ததுதான். இருபது இருபத்தைந்து தரம் எடுத்திருப்பேன், கை ஆடியதை அழித்து அழித்து. ஒரு சதம் செலவில்லை. பிலிமில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. கணினியில் நிறத்தைப் புரட்டி, கலர் நெகட்டிவ்வில் இருக்கிற செம்மஞ்சள் பூச்சைக் கழிக்க இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.

கிளிப்பச்சை.

அம்மாவை எழுப்பினேன். கருவி போடாமல் வந்தார். திரைக்குக் கிட்டப் போய் நின்றார். "சொன்னனான்தானே" என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எழும்பவில்லை.

ஓகஸ்ட் 7

மச்சாளுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவளும் ஒன்றும் எழுதவில்லை.

ஓகஸ்ட் 9

றோலை முடிக்காமலே கழுவுவது என்று முடிவெடுத்தேன். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு, எடுத்த அளவு வரை இழுத்து வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் வலக்கை, பிலிம் இடக்கை. பைக்குள் கண்ணும் இல்லை, இரண்டு விரலும் இல்லை. சுருளில் ஏற்ற முக்கால் மணித்தியாலம். வியர்வை பிலிமில் பட்டுவிடுமோ என்று பயந்தபடி இருந்தேன். வெட்டியதில் இரண்டு படம் போயிருக்கும். அது ஆனையிறவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இந்த எச்பி5 பிலிமைக் கழுவ 20 பாகையில் ஏழரை நிமிடம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 29. அந்தச் சூட்டில் நிமிடம் குறைந்து ஐந்துக்குக் கீழே போய்விடும், அப்போது ஒரே சீராக வராது. முல்லைத்தீவில் மீன் வாடிக்குப் போய் ஐஸ் வாங்கிவந்தேன். மீன் வெடுக்கு, ஆனால் பொலித்தீனுக்குள் கட்டி வாளிக்குள் போட்டால் போதும். 24க்கு இறங்கியது. ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். எல்லாத் தண்ணீரும் அதே 24இல் நிற்க வேண்டும், ஒன்று குளிரும் ஒன்று சூடுமென்றால் பிலிமின் மேற்படிவு சுருங்கி வெடித்துவிடும். கழுவக் குழாயைத் திறந்துவிடவில்லை. நிரப்பி 5 தரம் புரட்டி ஊற்று, நிரப்பி 10, நிரப்பி 20. இந்த ஓகஸ்டில் கிணற்றில் கிடக்கிற தண்ணீருக்கு அதுதான் சரி. கடைசிக்கு எண்ணெய்க்கடையில் வாங்கிய பற்றரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீரென்றால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும்.

கிணற்றடிக் கொடியில் தொங்கவிடப் பயம், புழுதி. குளியலறையில் கட்டினேன். ஆச்சி நாலிலும் இருக்கிறார்.

ஓகஸ்ட் 10

காய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு நானே போனேன். அச்சுக்குக் கொடுக்க முதல் காட்ட வேண்டும்போல் இருந்தது. படியில் இருந்தபடி வானத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது, அவருக்குத் தெரியாமல் எடுத்ததில் கண் நின்றது.

"என்ர தலைமயிர் கறுப்பாக் கிடக்கு" என்றார்.

அச்சடித்தால் வெள்ளையாகிவிடும் என்று சொன்னேன்.

"அப்ப இதைத் தா. இது காணும்."

வெட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுக்காமல் வரவும் முடியவில்லை. டிஜிட்டலில் அதை ஒரு பிரதி எடுத்தேன், பிறகு அந்த ஒன்றை மட்டும் வெட்டி, பொலித்தீனில் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

ஓகஸ்ட் 13

ஸ்கானுக்குத் திகதி வந்துவிட்டது. 21ஆம் திகதி, காலை 7 மணி.

ஓகஸ்ட் 14

மீற்றர் ஊசி விழுந்துவிட்டது. அம்மாவின் அட்டையில் இரண்டுதான் மிச்சம். இனி அவரிடம் கேட்கமாட்டேன். வெய்யிலுக்கு 16உம் 500உம் தெரியும். மிஞ்சிய பிலிம் துண்டு பையிலேயே இருக்கிறது, 12 படமாவது வரும்.