அந்தக் கால் மறுபடி நீண்டபோது

நர்சிங் முடித்ததும் நான் சேர்ந்தது ஒரு தொழுநோய் மருத்துவமனையில். டிரெஸ்ஸிங் ரூம் வேலை. காலையில் பெஞ்சு நிறைந்துவிடும். ஒவ்வொருவர் காலையும் தொட்டித் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவி, புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும்.

தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து 1982-லேயே வந்துவிட்டது. கிருமி போய்விடும், செத்த நரம்பு மட்டும் திரும்பாது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கின்றன என்று காட்டியவர் 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். இதையெல்லாம் படித்துத் தேறியவள்தான் நான்.

ஒரு மார்கழிக் காலை, குளிருகிறதே என்று தொட்டியில் வெந்நீர் கலந்தேன். தொட்டுப் பார்க்க மறந்துவிட்டேன். அந்தப் பெரியவர் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டே காலை உள்ளே வைத்திருந்தார். முகம் சுளிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் புறங்காலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம், உள்ளே நீர் தளும்பியது.

காலடியில் உட்கார்ந்து அழுதேன். "அழாதம்மா. நாளைக்கும் நீயே கட்டு" என்றார்.

மறுநாள் பக்கத்து மேசை காலியாக இருந்தும் என்னிடமே வந்து காலை நீட்டினார்.

'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்.' பைபிளில் எபேசியர் 2:8, ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனம். அப்படியிருந்தும், ஒழுங்காக நடந்தால் ஆண்டவர் தருவதே கிருபை என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கால் நீண்டபோது, அதைப் பெற நான் செய்திருந்தது ஒரு கொப்புளம்தான். விசுவாசமும் அங்கேதான் பிடிபட்டது. தண்ணீர் சுடுமா என்று அவரால் அறியவே முடியாது. முந்தின நாள் சுட்ட அதே கையை நம்பித்தான் காலை இறக்க வேண்டும். இறக்கினார்.

அப்புறம் அன்பு. அதுவரை நான் அன்பாக வேலை செய்தது தேவன் என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அன்றைக்குச் சுரண்டும் கத்தியைப் பிடித்தபோது கை தானாக மெதுவானது. 'அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்' என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது இதைத்தான் என்று நம்புகிறேன்.

புண் ஆறச் சில வாரங்கள் ஆயின. தினமும் தொட்டியில் முழங்கையை முக்கிப் பார்ப்பேன். "விடலாமாம்மா?" என்பார். நான் தலையசைத்ததும் காலை உள்ளே விட்டு, பேரன் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.