டூன் டிரைவ் போறீங்களா? வின்ச் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல கேஜ் வாங்குங்க

ஆஃப்ரோடுக்கு புதுசா வர்றவங்க கேக்கற மொத கேள்வி எப்பவும் வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டியை கம்பி சுத்தி இழுக்கற மோட்டார்) பத்திதான். போன டூன் டிரைவ்ல (மணல் மேட்டுல வண்டி ஓட்டறது) எங்ககூட வந்த தம்பி ஒருத்தர் கேக்கவே இல்ல, வாங்கி மாட்டிட்டே வந்துட்டாரு, முன் பம்பர்ல பளபளன்னு இருக்கு. ஆனா வண்டில டயர் கேஜ் (காத்து அழுத்தம் அளக்கறது) கிடையாது, ஷவல் (மண்வாரி) கிடையாது. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் மணல், ஒரு மரம் இல்ல, வின்ச் ஹூக்கை எதுல மாட்டுவாருன்னு எனக்கு அப்பவே சிரிப்பு.

தார் ரோடு முடியற இடத்துல எல்லாரும் நிறுத்தி காத்து இறக்குனோம். ரோட்டுக்கு 34 பிஎஸ்ஐ இருந்ததை 18க்கு கொண்டு வந்தோம். காத்து குறைஞ்சா டயர் பக்கவாட்டுல பிதுங்குதுன்னுதான் பாக்க தெரியும், ஆனா நிஜமா நடக்கறது என்னன்னா மணல்ல படியற தடம் முன்னும் பின்னுமா நீளுது, வண்டி எடை பரவலா இறங்குது, அதனால புதையாம மேல மிதந்து போகுது. அதுக்காக ரொம்பவும் இறக்கிடக்கூடாது, 12க்கு கிட்ட போயிட்டா வேகமா திருப்பும்போது டயர் ரிம்மை விட்டே கழண்டுடலாம். காத்து இறக்குனப்புறம் வேகத்தையும் குறைக்கணும், ஸ்டீயரிங்கை வெடுக்குனு ஒடிக்கக்கூடாது. இவ்வளவுக்கும் வேணுங்கறது ஒரு நல்ல கேஜும் காத்தை இறக்கற ஒரு டிஃப்ளேட்டரும்தான், ரெண்டும் டேஷ்போர்டுக்குள்ள அடங்கிடும்.

தம்பி மட்டும் 26லயே நிறுத்திட்டாரு. ரெண்டாவது ஏத்தத்துலயே வண்டி நின்னுடுச்சு, அவரு ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க பின் டயர் ரெண்டும் குழி தோண்டிக்கிட்டே போய் கடைசில டிஃப் (அச்சு நடுவுல இருக்கற கியர் உருண்டை) மணல்ல உக்காந்துடுச்சு. கான்வாய்ல மூத்தவர் இறங்கி வந்து "காலை எடு தம்பி, இனி மிதிச்சா இன்னும் கீழதான் போவே"ன்னு சொன்னப்புறம்தான் நிறுத்துனாரு.

இங்க யாரும் வண்டியை இழுக்கற ஸ்ட்ராப்பை எடுக்கல, அதை கவனிங்க. மொதல்ல எடுத்தது ஷவல், நீளக் கைப்பிடி உள்ளது, ஏன்னா மடக்கற குட்டி ஷவலை வச்சு டிஃபுக்கு அடில இருக்கற மணலை எடுக்கணும்னா குப்புற படுக்கணும். நாலு டயருக்கும் வழி வெட்டி, வயித்துக்கு அடில மணலை இழுத்து வெளிய தள்ளி, காத்தை 15க்கு இறக்கி, ரெக்கவரி ட்ராக் (டயருக்கு பிடிப்பு குடுக்கற பல் வச்ச பிளாஸ்டிக் பலகை) ரெண்டை பின் டயருக்கு பின்னாடி நல்லா அழுத்தி சொருகுனோம். வந்த தடத்துலயே ரிவர்ஸ், அதுதான் கெட்டியான தடம். ட்ராக் மேல டயரை வெறுமனே சுத்த விட்டா அந்த பிளாஸ்டிக் பல்லெல்லாம் சூட்டுல உருகிடும், அதனால லோ ரேஞ்ச்ல (4x4 வண்டியோட மெதுவான, பலமான கியர்) மெதுவா. ஏறி வந்துடுச்சு. பின்னாடி யாரும் நிக்கக்கூடாது, ட்ராக் டயர்ல அடிபட்டு பறக்கும்.

ஸ்ட்ராப் எடுத்தது சாயங்காலம், வேற ஒரு கனமான வண்டிக்கு, தோண்டியும் அசையல. ஸ்னாட்ச் ஸ்ட்ராப்ங்கறது ரப்பர் பேண்டு மாதிரி 20 சதவீதம் வரைக்கும் நீண்டு, சுருங்கும்போது வண்டியை வெளிய இழுக்கும். உதவியும் அதுதான் ஆபத்தும் அதுதான். அதை டோ பால்ல (ட்ரெய்லர் மாட்டற உருண்டை) மட்டும் மாட்டவே மாட்டாதீங்க, பால் ஒடிஞ்சு பறந்து ஆள் செத்திருக்காங்க. வண்டிக்கு அடில ஓட்டையோட தெரியற வளையம் பல வண்டில லாரில ஏத்தி கட்டறதுக்குன்னு குடுத்தது, அதுவும் தாங்காது. சேஸிஸ்ல போல்ட் பண்ண ரேட்டட் ரெக்கவரி பாயிண்ட் (இழுக்கற பளுவை தாங்கும்னு அளவு குறிச்ச கொக்கி) இருக்கான்னு வீட்ல இருக்கும்போதே படுத்து பாத்துடுங்க. ஸ்ட்ராப்பும் உங்க வண்டியோட மொத்த எடைக்கு ரெண்டு மூணு மடங்கு தாங்கறதா இருந்தா போதும், ஓவரா பெருசு வாங்குனா நீளாது, வெறும் கயிறுதான்.

ரெண்டு ஸ்ட்ராப்பை சேக்கணும்னா நடுவுல இரும்பு ஷாக்கிள் (இணைக்கற வளையம்) போடாதீங்க, அறுந்தா அது நேரா கண்ணாடிக்கு வரும். மாட்டறதுக்கு கயிறுல செஞ்ச சாஃப்ட் ஷாக்கிள் எனக்கு பிடிச்சது, எடையே இல்ல. ஸ்ட்ராப் மேல டேம்பர் (அறுந்தா பறக்காம அமுக்கற கனமான விரிப்பு) போட்டு, வேடிக்கை பாக்கறவங்களை ஸ்ட்ராப் நீளத்துல ஒன்றரை மடங்கு தள்ளி பக்கவாட்டுல நிக்க வச்சுட்டுதான் மூத்தவர் வண்டியை எடுத்தாரு, கொஞ்சம் தொய்வு விட்டு, பாய்ச்சல் இல்லாம. ரெண்டாவது இழுப்புல வந்துடுச்சு.

ஹை லிஃப்ட் ஜாக்கை (வண்டியை உயரமா தூக்கற நீள ஜாக்) புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், அந்த ஹேண்டில் திருப்பி அடிச்சா தாடை போயிடும். கிளவுஸ், தீயணைப்பான், ஃபர்ஸ்ட் எய்ட் இதெல்லாம் சொல்லணுமா என்ன.

காத்து ஏத்தற கம்ப்ரசரை மறந்துட்டு வர்றவங்க நிறைய பேரு. தார் ரோட்டுல 15 பிஎஸ்ஐல போனா டயர் சூடாகி வெடிக்கலாம், அதனால திரும்ப ஏத்தாம கிளம்பக்கூடாது. பெரிய டயருக்கு சிகரெட் லைட்டர்ல சொருகறது வேணாம், ஃப்யூஸ் போயிடும், பேட்டரில கிளிப் போடற டைப் வாங்குங்க, இன்ஜின் ஓடட்டும். தம்பி என் கம்ப்ரசரைத்தான் கடன் வாங்குனாரு. நாலு டயருக்கும் ஏத்தி முடிக்கறதுக்குள்ள அது கொதிச்சுடுச்சு, நடுவுல ஆற விட வேண்டியதா போச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராப்பை நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வச்சு சுருட்டுங்க, உள்ள மாட்டுன மணல் இழையை அறுத்துக்கிட்டே இருக்கும்.